அந்த இரண்டு எட்டு யாருக்கு?

போன மாதம் பிரவீன் போன் செய்தான். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவன். கெட்டிக்காரன், கொஞ்சம் அவசரக்காரன்.

"சார், ஆன்லைன் பரீட்சையில ஆறு பேர் ஒரே தப்பைப் பண்ணியிருக்காங்க. கம்ப்யூட்டர் சிவப்புக் கொடி காட்டுது. காப்பினு எழுதி அனுப்பச் சொல்றாங்க. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு..."

"போடாதே" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது எனக்கே தெரிந்தது. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் அந்தச் சிவப்புக் கொடியை நான் மறக்கவில்லை. ஒருமுறை நான் அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஐந்து பெண்களின் படிப்பு அந்தக் கையெழுத்தோடு போயிருக்க வேண்டியது. அதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவனுக்காகத் தொடங்கியது எனக்காக நீண்டுவிட்டது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெயர் கோதண்டம். ஊர் திருப்பாலைவனம். நெல் விவசாயக் குடும்பம். கணிதத்தில் எம்.எஸ்சி. முடித்து, இரண்டு தனியார் பள்ளிகளில் தொண்டை வற்றக் கத்திவிட்டு, பொன்னேரிப் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரியில் வந்து சேர்ந்தேன். அங்கே இருபத்திரண்டு வருடம். படிப்பைப் பாதியில் விட்டவர்கள், கம்பெனியில் ஷிப்டு முடிந்து வருகிறவர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தாங்கள் படிக்க வருகிறவர்கள், இவர்கள்தான் எங்கள் மாணவர்கள். எந்த டிப்ளமாவில் சேர்வதற்கும் முதலில் 'அடிப்படை இயற்கணிதம்' என்ற தாளைத் தாண்ட வேண்டும். அந்த வாசலில் உட்கார்ந்திருந்தவன் நான். என்னைத் தாண்டாமல் யாரும் உள்ளே போக முடியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

எனக்கு மேலே ஜுலைகா மேடம். துறைத் தலைவி. பழவேற்காட்டில் பழைய வியாபாரக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். ஒல்லியான உடம்பு, வெளுத்த பருத்திப் புடவை, தலையில் முக்காடு. வாயிலிருந்து பாதி வார்த்தைதான் வரும், மீதியை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. நாம் தப்பு செய்தால் அந்தத் தாளை நம் முன்னால் வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைக்க ஆரம்பிப்பார். நமக்குப் புரியும்வரை துடைத்துக்கொண்டே இருப்பார். நான் செய்த தப்புகளுக்கு அந்தக் கண்ணாடி தேய்ந்தே போயிருக்க வேண்டும்.

அவர் ஏற்படுத்திய வழக்கம்தான் வழிப் பதிவேடு. ஒரு நீள நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் கோடு போட்டு மூன்று கட்டம். ஒரு விடைக்குப் பூஜ்யம் போடுவதற்கு முன்னால், மாணவர் எழுதிய அந்தத் தவறான விடையை முதல் கட்டத்தில் எழுத வேண்டும். அந்த விடைக்கு அவர் எந்த வழியாக வந்து சேர்ந்தார் என்பதை இரண்டாவது கட்டத்தில் எழுத வேண்டும். மூன்றாவது கட்டத்துக்குத் தலைப்பு, 'தப்பு யாருடையது?' மாணவர், ஆசிரியர், கேள்வி, இந்த மூன்றில் ஒன்றை அங்கே எழுத வேண்டும். வழி தெரியாவிட்டால் பூஜ்யம் போடக் கூடாது. மாணவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு எழுத வேண்டும்.

நான் சேர்ந்த முதல் வாரம் நாற்பது தாள் திருத்தினேன். இரண்டாவது கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை 'கவனக்குறைவு', 'கவனக்குறைவு' என்றே எழுதிக்கொண்டு போனேன். மறுநாள் பதிவேடு என் மேசைக்குத் திரும்பி வந்தது. கூடவே மேடமும் வந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கவனக்குறைவு ஒரு வழியில்லை சார்" என்றார். "கவனம் இல்லாதவங்களும் ஏதோ ஒரு வழியாத்தான் போறாங்க."

அனுப்பம்பட்டிலிருந்து ரயிலில் வரும் ஒரு வெல்டர் இருந்தார். 3x + 2 என்பதை 5x என்று எழுதியிருந்தார். கூப்பிட்டுக் கேட்டேன். "மூணு எக்ஸு கீது சார், இன்னும் ரெண்டு குடுத்திருக்கீங்க, அஞ்சு எக்ஸு ஆச்சு" என்றார். வழியை எழுதி, மூன்றாவது கட்டத்தில் 'மாணவர்' என்று போட்டேன். மேடம் பார்த்துவிட்டு, "அந்த ரெண்டு என்னன்னு நீங்க அவர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார். நான் சொல்லியிருக்கவில்லை. அடித்துவிட்டு 'ஆசிரியர்' என்று எழுதினேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸைத் தவற விட்டேன். வருடங்கள் போகப் போக, ஒரு தப்பான விடைக்குப் பின்னால் எவ்வளவு யோசனை இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து எனக்கு அந்த நோட்டின் மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. ஆனாலும் அது வேலைதானே. எப்போதடா ஒழியும் என்றும் தோன்றும்.

ஒழிந்தது. தொற்றுக் காலத்தில் வகுப்பு ஆன்லைனுக்குப் போனது, தொற்று போன பிறகும் அங்கேயே நின்றுவிட்டது. பரீட்சையும் அதிலேதான். கேள்விக்குக் கீழே ஒரு கட்டம் இருக்கும், மாணவர் விடையை மட்டும் அதில் தட்ட வேண்டும். சரியானால் பச்சை, தப்பானால் சிவப்பு. இரண்டு நாள் வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. பதிவேடு அலமாரிக்குள் போனது. வெளியில் வருத்தப்படுவதுபோலக் காட்டிக்கொண்டேன், உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆன்லைன் ஆனதில் ஒரு நல்லதும் நடந்தது. அதுவரை எங்கள் கல்லூரிக்கு வரவே முடியாதவர்கள் வந்தார்கள். பழவேற்காடு ஏரிக்குள் தீவாக இருக்கும் பசியாவரத்திலிருந்து ஐந்து பெண்கள் சேர்ந்தார்கள். எல்லோரும் மீனவர் வீட்டுப் பெண்கள். காலையில் வலை வந்ததும் மீனும் இறாலும் பிரித்து, பங்கு வைத்து, கூடையோடு கரைக்குப் போய் விற்றுத் திரும்ப மதியம் ஆகிவிடும். அதனால் அவர்களுக்கு இரண்டரை மணிக்கு வகுப்பு வைத்தோம். ஊரில் புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் மாடியில்தான் நன்றாக சிக்னல் கிடைக்கும் என்று ஐந்து பேரும் அங்கே போய் உட்கார்ந்துகொள்வார்கள். வகுப்பு நடக்கும்போது காற்று இரைவது எனக்கு இங்கே கேட்கும்.

அவர்களில் தேசம்மா என்பவர்தான் அதிகம் பேசுவார். முப்பத்து நான்கு வயது. பன்னிரண்டாவதைத் தனியாக எழுதித் தேறியவர். ஆய்வுக்கூட டெக்னீஷியன் டிப்ளமாவில் சேர வேண்டும், ரத்தப் பரிசோதனை செய்யும் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த டிப்ளமாவுக்கு வயது வரம்பு முப்பத்தைந்து. இந்த வருடம் என் தாளைத் தாண்டினால் உண்டு, இல்லாவிட்டால் எப்போதும் இல்லை. இதை அவர் முதல் நாளே சொல்லிவிட்டார். நண்டுக் கொடுக்கு கீறிய விரலால் போனில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவார்.

முதல் வகுப்பில், தெரியாத ஒன்றுக்கு x என்று பெயர் வைத்துக்கொள்வோம் என்று ஆரம்பித்தேன்.

"சார், ஒரு சந்தேகம்" என்றார் தேசம்மா. "தெரியாததுக்குப் பேரு வெச்சிட்டா தெரிஞ்சிடுமா?"

"பேர் வெச்சா கூப்பிட்டு விசாரிக்கலாம்மா."

"அப்ப கூப்பிடுங்க. வருதானு பாக்கலாம்."

ஐந்து பேரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த இரண்டு மாதத்தில் அவர்கள் x-ஐக் கூப்பிட்ட வேகத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன்.

பருவத் தேர்வு வந்தது. அந்தப் பெண்களுக்குப் பழக்கமான கேள்வியாக ஒன்று இருக்கட்டும் என்று நானே ஒரு கேள்வி எழுதினேன். 'ஒரு படகில் x பேர் மீன் பிடிக்கச் சென்றனர். கிடைத்த 56 கிலோ மீனைச் சமமாகப் பங்கிட்டனர். ஆளுக்கு 8 கிலோ கிடைத்தது எனில், x எவ்வளவு?' ஐம்பத்தாறை எட்டால் வகுத்தால் ஏழு. பிள்ளையார் சுழி போடுவதைவிடச் சுலபம். அவர்களுக்கு ஒரு சலுகை செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

தேர்வு முடிந்த மறுநாள் சிவப்புக் கொடி வந்தது. தேசம்மாவும் இன்னும் மூன்று பேரும் அந்தக் கேள்விக்கு '5' என்று எழுதியிருந்தார்கள். ஐந்தாவது பெண் மாலதி '4' என்று எழுதியிருந்தார். மற்ற ஊர்க்காரர்கள் எல்லோரும் ஏழு என்று எழுதிய கேள்வி. நாலு பேருக்கு ஒரே தப்பு, ஐந்து பேரும் ஒரே கட்டடம். கம்ப்யூட்டருக்கு இதற்குமேல் என்ன வேண்டும். காப்பி அடித்தது உறுதியானால் பெயரை நீக்க வேண்டும், இரண்டு வருடத்துக்குத் திரும்பச் சேர முடியாது என்பது விதி.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்க ஒன்றுமில்லை, நான் அவர்கள் பக்கம் நின்று யோசிக்கவே இல்லை. இவர்களுக்கென்று இனிப்பாக ஒரு கேள்வி எழுதினேன், அதில் போய்த் திருடுகிறார்களே என்றுதான் நினைத்தேன். அதற்கென்று இருக்கும் படிவத்தில் 'நகல் எடுத்தது உறுதி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மேடத்தின் கையெழுத்துக்காக எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் படித்தார். "வழி?" என்றார்.

"ஆன்லைன்ல வழி வராது மேடம். விடை மட்டும்தான் வரும்."

கண்ணாடியைக் கழற்றினார். "மாலதி ஏன் நாலுனு எழுதணும்?"

"அவசரத்துல தப்பாப் பாத்திருப்பாங்க."

துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து அலமாரியைத் திறந்து, பதிவேட்டை எடுத்து, தூசியைத் தட்டி என் கையில் கொடுத்தார். "போய்க் கேட்டுட்டு வாங்க சார்."

சொந்த ஊரைத் தாண்டித்தான் பழவேற்காட்டுக்குப் போக வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டிய எனக்கு அதுதான் பசியாவரத்துக்கு முதல் பயணம். பஸ்ஸில் அரை மணி நேரம், பிறகு படகு. அந்தப் படகில் கால் நனைந்து, வெயிலில் தலை காய்ந்து, வாய்க்குள் மேடத்தை முணுமுணுத்துக்கொண்டுதான் போனேன்.

புயல் கட்டடத்து மாடியில் ஐந்து பேரும் இருந்தார்கள். செய்தி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. வாங்க சார் என்று சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள், முகத்தில் சிரிப்பு இல்லை. மோரைக் குடித்துவிட்டு, காப்பி அடித்தீர்களா என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தேசம்மா குனியவில்லை.

"பாத்து எழுதறவங்க சரியானதைப் பாத்து எழுதுவாங்களா, தப்பானதைப் பாத்து எழுதுவாங்களா சார்? அவ்ளோ கஷ்டப்பட்டு யாராவது தப்பைத் திருடுவாங்களா?"

வாத்தியாரிடம் பதில் இல்லாதபோது அவர் செய்வதையே நானும் செய்தேன், தாளைக் கொடுத்தேன். ஐந்து பேரையும் நாலு மூலையிலும் நடுவிலும் முதுகு காட்டி உட்கார வைத்தேன். அதே கேள்வியை வாசித்து, விடையை மட்டும் எழுதாமல் வழியை வரிவரியாக எழுதச் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் தாள்கள் வந்தன. மேலே இருந்தது தேசம்மாவின் தாள்.

8x + 8 + 8 = 56
8x = 40
x = 5

முதல் வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் கேள்வியில் இல்லாத இரண்டு எட்டு அங்கே உட்கார்ந்திருந்தன.

"தேசம்மா, இந்த ரெண்டு எட்டு யாருக்கு?"

"ஒண்ணு படகுக்கு. ஒண்ணு வலைக்கு."

"படகுக்கா?"

"ஆமா சார். பங்குனா படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு வெச்சிட்டுத்தான் ஆளுங்களுக்கு. நீங்க ஆளு எத்தினி பேருன்னுதான கேட்டீங்க? படகும் வலையும் ஆளு இல்லையே, அதான் கழிச்சிட்டேன்."

மற்ற மூன்று தாள்களிலும் அதே வரி. மாலதியின் தாளைக் கடைசியில் எடுத்தேன். அதில் அந்த இரண்டு எட்டுக்குப் பதில் மூன்று எட்டு இருந்தது.

"மாலதி, உங்களுக்கு மட்டும் ஏன் மூணு?"

மாலதி சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க ஊர்ல மிஷினுக்கும் ஒண்ணு வெப்பாங்க சார்."

தேசம்மா விளக்கினார். "அவ கடல்கரைக் குப்பத்துப் பொண்ணு சார். இங்க கட்டிக் குடுத்து மூணு வருஷந்தான் ஆவுது. கடலுக்குப் போறவங்க மிஷினுக்கும் பங்கு எடுப்பாங்க. ஏரியில இன்னாத்துக்கு மிஷினு? கோல் போட்டுத் தள்ளினா போவுது. எத்தினி தடவை சொன்னாலும் இவ மிஷினுக்கும் சோறு போட்டுட்டுத்தான் ஒக்காருவா."

"போட்டாத்தான ஓடும்" என்றார் மாலதி. அப்போதுதான் அந்த மாடியில் முதல் சிரிப்பு வந்தது.

நான் சிரிக்கவில்லை. மேடம் 'மாலதி ஏன் நாலு' என்று கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பார்த்து எழுதியிருந்தால் மாலதியும் ஐந்து என்றுதான் எழுதியிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவர் தன் பிறந்த ஊர்க் கணக்கைத்தான் போட்டிருக்கிறார். யாரும் யாரையும் பார்க்கவில்லை என்பதற்கு அந்த நாலைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

இருந்தாலும் சந்தேகப் புத்தி லேசில் போகுமா. கீழே இறங்கினேன். கட்டடத்தின் நிழலில் ஒருவர் வலை கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர் என்று கூட வந்த தேசம்மா சொன்னார். எண்களை மாற்றிக் கேட்டேன். நாற்பது கிலோ மீன், சமமாகப் பிரித்ததில் ஆளுக்கு ஐந்து கிலோ, எத்தனை பேர் போனார்கள்?

ஊசியை நிறுத்தாமலேயே, "ஆறு பேரு" என்றார்.

"எப்படி?"

"எட்டுப் பங்கு. படகும் வலையும் போனா ஆறு."

"படகுக்கு எதுக்குப் பங்கு?"

அப்போதுதான் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். படித்த மனுஷன்போல இருக்கிறாரே, இதைப் போய்க் கேட்கிறாரே என்ற பார்வை.

"இன்னா சார் கேக்கறீங்க. அதுவுந்தான கூட வந்துச்சி."

பல வருடமாகச் சமன்பாடு கற்றுக்கொடுத்தவன் நான். இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்று எத்தனை ஆயிரம் முறை கரும்பலகையைத் தட்டியிருப்பேன். சமம் என்றால் யார் யாருக்குச் சமம் என்று ஒருநாளும் எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. நான் ஒரே ஒரு வகுத்தலில் முடியும் கேள்வியைக் கொடுத்தேன். அந்தப் பெண்கள் அதைவிடக் கடினமான ஒரு சமன்பாட்டைத் தாங்களே அமைத்து, அதைத் தப்பில்லாமல் தீர்த்திருக்கிறார்கள். அதற்கு நான் போட்ட மதிப்பெண் பூஜ்யம், கொடுத்த பட்டம் திருடி. திரும்பும் படகில் உட்கார இடம் தேடியபோது, பலகையில் காலை வைக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. இதற்கும் இன்றைக்கு ஒரு பங்கு உண்டு என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பதிவேட்டை நிரப்பினேன். முதல் கட்டத்தில் ஐந்து, நாலு. இரண்டாவது கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன். மூன்றாவது கட்டத்தில் 'கேள்வி' என்று எழுதி மேடத்திடம் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கேள்வியை எழுதினது யாரு சார்?"

வாங்கி, 'கேள்வி'யை அடித்துவிட்டு, 'ஆசிரியர்' என்று எழுதினேன். பக்கத்தில் என் பெயரையும் எழுதினேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் எழுதினேன்.

அதோடு முடியவில்லை. தேர்வுப் பிரிவில் இருந்தவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு கேள்விக்கு ஏழும் சரி, அஞ்சும் சரி, நாலும் சரின்னா அப்புறம் கணக்குக்கு என்ன மேடம் மரியாதை?" என்றார். ஒருவகையில் நியாயமான கேள்விதான்.

"கேள்வி மூணு சார்" என்றார் மேடம். "ஒவ்வொண்ணுக்கும் விடை ஒண்ணுதான்."

தேர்வுப் பிரிவுக்காரர் கொஞ்சம் இறங்கி வந்தார். காப்பி என்ற குற்றச்சாட்டை எடுத்துவிடலாம், ஆனால் ஐந்து பேரும் நேரில் வந்து, தாளில், வழியோடு ஒரு தேர்வு எழுத வேண்டும், அதில் வாங்குவதுதான் மதிப்பெண், மறு வாய்ப்புக் கிடையாது என்றார். மேடம் சம்மதித்தார். கேள்வித்தாளை நானே எழுத வேண்டும் என்றும் சொன்னார். தேசம்மாவுக்கு வயது வரம்பு முடிய இரண்டு மாதம்தான் பாக்கி. அவருடைய ஒரே வாய்ப்பு மறுபடியும் என் கேள்வித்தாளில் வந்து நின்றது.

மீன் பக்கமே போகக் கூடாது என்று முடிவு செய்தேன். ஆழம் தெரியாமல் ஒருமுறை காலை விட்டது போதும். எனக்குத் தெரிந்த இடம் நெற்களம். கேள்வி எழுதினேன். 'களத்தில் x பேர் வேலை செய்தனர். 54 மரக்கால் நெல்லைச் சமமாகப் பிரித்துக்கொண்டனர். ஆளுக்கு 6 மரக்கால் எனில், x எவ்வளவு?' ஒன்பது. இதில் ஒரு வில்லங்கமும் இல்லை என்று மூன்று முறை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

தேர்வு அன்று ஐந்து பேரும் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மேடமும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் எழுதினார்கள். பிறகு தேசம்மா கையைத் தூக்கினார்.

"சார், இந்த நெல்லுக் கணக்குல ஒண்ணு கேக்கலாமா? களத்துல முதல்ல எடுத்து வெக்கறது எதனா கீதா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். எங்கள் களம் என் கண் முன்னால் வந்து நின்றது. தூற்றி முடித்த நெல் குவியலிலிருந்து என் நைனா முதல் மரக்காலை அளந்து வடக்குப் பக்கமாகத் தள்ளி வைப்பார், அது கோயிலுக்கு. அடுத்து, ஏரி மதகைத் திறந்து தண்ணீர் பாய்ச்சியவருக்கு. அடுத்து, ஏர் செய்து கொடுத்த தச்சருக்கு. அதையெல்லாம் எடுத்து வைத்த பிறகுதான் வேலை செய்தவர்களுக்குப் பங்கு. பத்து வயதில் அந்தக் குவியல்களுக்கு நடுவே ஓடி விளையாடியவன் நான். கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்த பிறகு அத்தனையையும் எந்த இடத்தில் தொலைத்தேன்?

பின்வரிசையில் மேடம் கண்ணாடியைக் கையில் எடுத்திருந்தார். "சொல்லுங்க சார்" என்றார். "உங்க ஊர்க் கணக்குதானே."

"கீதும்மா" என்றேன். அந்த இடத்தில் எனக்கு என் ஊர்ப் பேச்சுதான் வந்தது. "எடுத்து வெக்கறது கீது. அதெல்லாம் எடுத்த பிற்பாடு மிச்சம் இருந்ததுதான் அம்பத்தி நாலு."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுக் குனிந்தார். நான் அந்த விட்டுப்போன வரியைக் கரும்பலகையில் எழுதினேன். எழுதும்போது கண் கலங்கியது, வெட்கத்தில் பாதி, வியப்பில் பாதி.

நான்கு பேர் தேறினார்கள். ஒருவர் பின்னங்களில் தடுக்கி விழுந்து அடுத்த பருவத்தில் எழுந்தார், அதற்கான வழியும் பதிவேட்டில் இருக்கிறது. தேசம்மா தேறியதோடு இல்லை, டிப்ளமாவும் முடித்தார். போன வருடம் எனக்குச் சர்க்கரை பார்க்கப் போன இடத்தில் ஊசியோடு வந்து நின்றது அவர்தான். "பயப்படாதீங்க சார், வலிக்காது" என்று சொல்லி ரத்தம் எடுத்தார். அளவைப் பார்த்துவிட்டு, "எக்ஸு ஜாஸ்தியா கீது, ஸ்வீட்டைக் கழிங்க" என்றார்.

பிரவீன், உன்னுடைய அந்த ஆறு பேர் ஒருவேளை காப்பியே அடித்திருக்கலாம். அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் வழியைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதே. பதிவேடு என் வீட்டில்தான் இருக்கிறது, கடைசியில் நாற்பது பக்கம் வெள்ளையாக இருக்கிறது. வந்து எடுத்துக்கொண்டு போ.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அந்த நேரடித் தேர்வின் முடிவு வந்த அன்று, மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த மேடத்திடம் கேட்டேன்.

"மேடம், படகுக்குப் பங்கு உண்டுனு உங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

பேனாவை மூடி வைத்தார்.

"எங்க வாப்பா மவுத்தாகும்போது எனக்கு ஒம்பது வயசு சார். வீட்டுல வேற ஆம்பளைங்க இல்ல. ஒரு படகு மட்டும் இருந்துச்சு. பசியாவரத்துக்காரங்கதான் அதை எடுத்துட்டுப் போவாங்க. திரும்பி வந்ததும் படகோட பங்கைக் கூடையில போட்டு எங்க வாசல்ல வெச்சிட்டுப் போவாங்க. வலை காலியா வர்ற நாள்ல, இன்னைக்கு இல்லம்மானு ஆள் வந்து சொல்லிட்டுப் போகும். நான் எம்.எஸ்சி. முடிக்கற வரைக்கும் அந்தக் கூடை வந்துச்சு."

"அப்போ அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேடம்? நான் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாமே."

"சொல்லியிருந்தா என் வழியை எழுதியிருப்பீங்க" என்றார். "அவங்க வழியை எழுதியிருக்க மாட்டீங்க."

கண்ணாடியைத் துடைத்தார். அன்றைக்கு அது என் தப்புக்காக அல்ல என்று நினைக்கிறேன். நான் என் இடத்துக்குத் திரும்பி வந்து, அந்த ஆன்லைன் தேர்வுக்கு நான் எழுதி வைத்திருந்த விடைக்குறிப்பைப் பிரித்தேன். நானே கைப்பட எழுதிய விடை, ஏழு. ஐம்பத்தாறு கிலோவையும் ஏழு பேருக்கும் மிச்சம் இல்லாமல் பிரித்துக் கொடுத்திருந்தேன். அந்த வாசலில் வைக்க ஒரு மீன்கூட இல்லை.